மலைநாட்டின் மாரித் தொடக்கம், 2023: வன்னியிலிருந்து கேட்கும் ஒரு கேள்வி

பாவற்கொடி (வவுனியா வடக்கு) | 2 ஒக்டோபர் 2023, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். எனது பெற்றோர் 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். நான் இங்கேயே பிறந்தவள். ஆனால் சின்னம்மாவின் குடும்பம் இன்னமும் பசறைக்கு மேலேயுள்ள ஒரு லயத்தில்தான் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறது. அவருடைய மகளுக்கு டிசெம்பர் நடுப்பகுதியில் பிள்ளைப்பேறு என்று நாள் குறித்திருக்கிறார்கள். துணைக்கு நான் போக வேண்டும். நவம்பர் தொடக்கத்திலேயே போய்த் தங்கிவிடுவதா, டிசெம்பரில் போவதா, அல்லது அவளையே முன்கூட்டி இங்கு அழைத்து வந்துவிடுவதா என்பதுதான் எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் வழக்கு.

இந்த வருடம் எல் நினோ என்று வானொலியில் சொல்கிறார்கள். எல் நினோ என்றால் வறட்சி. ஆகவே மலையிலும் மழை குறையும், பயப்பட ஒன்றுமில்லை என்பது அப்பாவின் தீர்ப்பு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மலைநாட்டில் மழையும் குளிரும் எப்படி இருக்கும் என்று விபரம் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

குளக்கட்டு (கிளிநொச்சி) | 2 ஒக்டோபர் 2023, இரவு 9.15

தங்கச்சி, உங்கள் அப்பா சொல்வதை முற்றாகத் தள்ளிவிட வேண்டாம். இந்தச் சிறுபோகத்தில் (வருட நடுப்பகுதி நெற்செய்கை) உடவளவைக் கமக்காரர்கள் தண்ணீருக்காகப் பட்ட பாட்டை நாடே பார்த்தது. சமனலவெவ நீர்த்தேக்கத்திலிருந்து நீரைத் திறந்துவிடும்படி அவர்கள் வீதியில் இறங்க வேண்டியிருந்தது. வானம் இப்படி இருக்கும்போது மழைக்கால நெற்செய்கையான காலபோகத்தை நம்பி, காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்புச் செய்வதா, பொறுத்திருப்பதா என்று நானே இன்னும் முடிவெடுக்கவில்லை.

மழைமானி (முல்லைத்தீவு) | 3 ஒக்டோபர் 2023, காலை 6.05

பிள்ளை, நான் முப்பது வருடங்களுக்கு மேலாகப் புவியியல் படிப்பித்தவன். இளைப்பாறிய பின்னர் முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்துக்கொண்டு காலம் போக்குகிறேன். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பாவின் கணக்கில் உள்ள பிழையைச் சொல்கிறேன். எல் நினோ வறட்சியைக் கொண்டுவரும் என்பது இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையை வைத்துப் பழகிய பேச்சு. இலங்கையிலும் ஆடி, ஆவணி மாதங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். தம்பி குளக்கட்டு சொன்ன உடவளவைக் கதையும் அந்தக் காலப்பகுதிக்கு உரியதே. ஆனால் ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மாதங்களில் கணக்குத் தலைகீழாகிறது. எல் நினோ வருடங்களில், அதாவது பசிபிக் சமுத்திரம் சூடேறிய வருடங்களில், இந்த மூன்று மாதங்களில் இலங்கைக்குச் சராசரியை விட அதிகமான மழை கிடைப்பதே பொதுவான போக்கு. அதன் பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரை, மழை குறையும் பக்கம் சாய்கிறது. இந்த வருடம் அதனோடு இந்து சமுத்திர இருமுனையும் நேர்நிலையில் வலுவாக நிற்கிறது. அதாவது ஆபிரிக்கக் கரைப் பக்கத்துக் கடல் வழமையை விடச் சூடாகவும், சுமாத்திராப் பக்கத்துக் கடல் வழமையை விடக் குளிராகவும் உள்ளன. இந்த இரண்டும் சேர்ந்து வந்த 1997, 2006 போன்ற வருடங்களை நினைவிருப்பவர்கள் நினைத்துப் பார்க்கலாம். 2006 ஆம் ஆண்டின் மாரி முடிவதற்குள், 2007 ஜனவரியில், வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மலைகள் சரிந்து பல குடும்பங்கள் வீடிழந்தன. எல் நினோ பலமில்லாத 2019 இல் கூட, இருமுனை மட்டும் உச்சத்தில் நின்றதால், டிசெம்பரில் நாடு முழுவதும் வெள்ளம் கண்டோம்.

அடுத்தது, "மலைநாட்டில் மழை எப்படி" என்ற கேள்வி. இதற்கு ஒரே விடை கிடையாது. நமது வன்னி தட்டையான நிலம். மாங்குளத்தில் பெய்யும் மழைதான் சிறிது முன்பின்னாக ஒட்டுசுட்டானிலும் பெய்யும். மலையில் நான்கு கட்டை (மைல்) தூரம் போனால் வேறு காலநிலை. மழை எந்தக் காற்றோடு வருகிறது, மலையின் எந்த முகம் அந்தக் காற்றைப் பார்த்து நிற்கிறது என்பவையே அங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றான சோளகம் மேற்குச் சரிவில் மோதுகிறது. அதனால்தான் வட்டவளைப் பக்கத்தில் வருட மழை 5,000 மில்லிமீற்றர் அளவுக்குப் போகிறது. நமக்கு வருடம் முழுவதும் கிடைப்பது அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே சோளகம் மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரமிழந்து கச்சான் காற்றாக வீசுகிறது. (நாம் வறுத்துத் தின்னும் கச்சானுக்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டாம்.) உங்கள் சின்னம்மாவின் பசறை இந்தக் கிழக்குப் பக்கத்தில், 2,036 மீற்றர் உயரமான நமுனுகுல மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஆகவே மேற்குப் பக்கத்து ஹட்டன்காரர்கள் நனையும் காலத்தில் பசறை காயும். நாம் நனையும் காலத்தில் பசறையும் நனையும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்துவந்து முதலில் முட்டுவது அந்தச் சரிவுகளில்தான்.

மூன்று மாதங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டவும் கூடாது. ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவக் காலம், அதாவது சோளகத்துக்கும் வாடைக்கும் இடைப்பட்ட காலம். அப்போது காற்று பலமில்லாமல் இருக்கும். காலை வெயிலில் சரிவு சூடேற, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலெழும்ப, பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியுடன் மழை கொட்டும். இந்த மழைக்குக் கிழக்குச் சரிவு, மேற்குச் சரிவு என்ற பேதம் அதிகமில்லை. பிரயாணம் செய்வதானால் முற்பகலில் செய்து முடித்துவிட வேண்டும். நவம்பர் பிற்பகுதியிலிருந்து தாழமுக்கங்களும், டிசெம்பரில் வாடையும் முன்னுக்கு வரும்போது மழையின் குணம் மாறுகிறது. இடி குறையும், ஆனால் இரவும் பகலும் ஓயாமல், இரண்டு மூன்று நாட்களுக்கு இழுத்துப் பெய்யும். மண் ஊறுவது இந்த மழையில்தான். பிள்ளைப்பேற்று நாள் அந்தக் காலத்துக்குள்தான் விழுகிறது.

குளக்கட்டு | 3 ஒக்டோபர் 2023, இரவு 7.50

மாஸ்ரர், உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு கமக்காரனாக எனக்குள்ள சந்தேகத்தை மறைக்க விரும்பவில்லை. 2016 ஆம் ஆண்டில் ஐப்பசி, கார்த்திகை என்று வானத்தைப் பார்த்துப் பார்த்தே காலம் போனது. விதைத்த நெல் முளையிலேயே கருகியது. அப்படியொரு காலபோகத்தை எங்கள் வயதில் கண்டதில்லை. கடலின் சூடு குளிரை வைத்து எல்லாம் சொல்ல முடியுமென்றால் அதை ஏன் எங்களுக்கு யாரும் விளங்கும்படி சொல்லவில்லை? "சராசரிக்கு மேல் மழை பெய்ய வாய்ப்பு" என்ற வசனத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை ஏக்கர் விதைப்பது?

மழைமானி | 4 ஒக்டோபர் 2023, காலை 6.20

தம்பி, 2016 நீங்கள் நினைப்பதற்கு மாறாக என் பக்கத்துச் சாட்சி. அந்த வருடம் இருமுனை எதிர்நிலையில், மிகப் பலமாக இருந்தது; சூடான நீர் சுமாத்திராப் பக்கத்தில் குவிந்து, மழையையும் அங்கேயே இழுத்துக்கொண்டது. சொன்ன விதத்தில் குறை இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வசனத்தின் பொருள் இதுதான். கடந்த முப்பது வருட மழையை எடுத்து, குறைந்த பத்து, நடுத்தரமான பத்து, கூடிய பத்து என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். எதுவுமே தெரியாதபோது ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்நோக்கு ஒன்று "கூடிய மழைக்கு 50 சதவீதம்" என்று சொன்னால், மற்ற இரண்டும் சேர்ந்து இன்னொரு 50 என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. தாயம் உருட்டும்போது ஒரு பக்கம் சற்றுக் கனமாக இருப்பது போல. எல் நினோவுக்கு எதிரான லா நினா (பசிபிக் குளிரும் நிலை) நடந்த 2010-11 இல், ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களை வெள்ளம் மூடியது; ஜனவரிக்குப் பிறகு கணக்கு மாறும் என்று நான் சொன்னதற்கு அது பொருந்துகிறது. பருவ முன்நோக்கு பருவத்தின் சாய்வைச் சொல்லும், நாளைச் சொல்லாது. உங்கள் ஏக்கர்க் கணக்குக்கு அது ஓரளவு போதும். மலைச்சரிவில் லயத்தில் படுத்திருப்பவருக்கு அது போதாது.

கொழுந்துக்கூடை (கிளிநொச்சி, பிறந்த இடம் பசறை) | 4 ஒக்டோபர் 2023, இரவு 10.30

அக்கா, நான் பசறைப் பக்கத்தில் பிறந்து, கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை செய்பவன். ஐயா கடைசியாகச் சொன்ன வசனத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

எங்களுக்குத் தேவைப்படும் எண்கள் மூன்றுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அறிவித்தலை மூன்று நிறங்களில் வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள்: கவனமாக இருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: பொருட்களைக் கட்டி ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினால் சிவப்பு: வெளியேறிவிட வேண்டும். அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். ஆனால் ஒரு பிரிவுக்குள்ளேயே மேல் கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) கொட்டும் மழை கீழ்க் கணக்கில் தூறலாக இருக்கும். ஆகவே நான் கடந்த வருடம் ஊருக்குப் போனபோது எங்கள் லயத்து வாசலில், மேலும் கீழும் ஒரே அகலமான நேர்ச்சுவர்த் தகரமொன்றை வெட்டவெளியில் கட்டி வைத்துவிட்டு வந்தேன். காலை எட்டரை மணிக்கு அடிமட்டத்தை உள்ளே விட்டு அளந்து, நீரை ஊற்றிவிட வேண்டும். ஏழரை சென்றிமீற்றர் நின்றால் 75 மில்லிமீற்றர். கழுத்து ஒடுங்கிய போத்தல் சரிவராது, கணக்குப் பிழைத்துவிடும். பெருமழையில் எட்டரை வரை காத்திராமல் இடையிலும் பார்க்க வேண்டும்.

எண்ணை மட்டும் பார்த்தாலும் போதாது. நான்கு நாள் தொடர்ந்து பெய்து மண் ஊறிய பிறகு, ஐந்தாம் நாள் 60 மில்லிமீற்றர் பெய்தாலும் சரியலாம்; மழை விட்டு வெயில் எறித்த பிறகும் சரியலாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. ஆகவே வயதானவர்கள் சொல்லும் அறிகுறிகளையும் பார்க்க வேண்டும். சுவரில் புது வெடிப்பு, கதவு திடீரென்று நிலையில் இறுகுவது, சவுக்கு மரமோ மின்கம்பமோ சாய்வது, தெளிவாக வந்த ஊற்று கலங்குவது, ஓடிக்கொண்டிருந்த பீலி தண்ணீர் காரணமில்லாமல் நிற்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிறத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தேயிலை மலையில் வெட்டியிருக்கும் கான்களை (வடிகால்களை) துப்புரவாக்காமல் விட்டால் நீர் ஓட இடமின்றி மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் அந்தக் கான்களைப் பற்றி அம்மா மூன்று முறை முறையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு குறை. சில வேளைகளில் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி சிங்களத்தில் மட்டும் வருகிறது. போன வருடம் அப்படி வந்ததை அம்மா படம் பிடித்து எனக்கு அனுப்பி, நான் கிளிநொச்சியிலிருந்து வாசித்துச் சொன்னேன். 200 கட்டைக்கு அப்பாலிருந்து ஒருவன் மொழிபெயர்த்துத்தான் தன் தலைக்கு மேலுள்ள மலையைப் பற்றித் தாய் அறிய வேண்டியிருக்கிறது.

ஏழாம்கட்டை (வவுனியா) | 5 ஒக்டோபர் 2023, மாலை 5.10

நான் வாரத்தில் இரண்டு முறை நுவரெலியாவிலிருந்து கரட், லீக்ஸ் ஏற்றி வரும் பாரவூர்திச் சாரதி. பாதை பற்றி மட்டும் சொல்கிறேன். வவுனியாவிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி வரைக்கும் பெரிய சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு பதுளைக்கு இரண்டு வழிகள்: மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதை, அல்லது நுவரெலியா, வெலிமடை வழி. தூரத்தையும் ஏற்றத்தையும் பார்த்தால் முதலாவது இலகு. ஆனால் அது வாடைக்கு முகம் கொடுத்த சரிவு. டிசெம்பரில் மேலிருந்து கல் உருண்டு கிடக்கும் நாட்களும், பனிமூட்டத்தில் வளைவே தெரியாத நாட்களும் உண்டு. நவம்பர் முதல் வாரத்தில், விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டால் மதியத்துக்குள் பதுளையில் இருக்கலாம். பிள்ளைத்தாச்சியை அந்த வளைவுகளில் ஏற்றிக் கொண்டுவரும் யோசனையை, உங்கள் அண்ணனாக நினைத்துச் சொல்கிறேன், விட்டுவிடுங்கள்.

பாவற்கொடி | 5 ஒக்டோபர் 2023, இரவு 9.00

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பா இந்த இழையை முழுவதுமாக வாசித்துவிட்டு, "மாஸ்ரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குளிர் எப்படி இருக்கும்? நுவரெலியாவில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தைக்குப் பசறையில் அந்தளவுக்குப் பயப்பட வேண்டுமா?

மழைமானி | 6 ஒக்டோபர் 2023, காலை 6.15

பயப்பட வேண்டாம். உயரம் ஒவ்வொரு 1,000 மீற்றர் கூடும்போதும் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. பதுளை நகரம் 700 மீற்றருக்கும் குறைவு. பசறை லயம் இவற்றுக்கு இடைப்பட்டது. கம்பளி தேவைப்படும், உறைபனி வராது. மேலும் உறைபனி மாரித் தொடக்கத்தின் சரக்கல்ல. முகில் மூடியிருக்கும் இரவில் நிலத்தின் சூடு வெளியேறாது. ஆகவே மழைக்கால இரவு ஈரமாக இருக்கும், கடுங்குளிராக இராது. மழை ஓய்ந்து, வானம் வெளித்து, காற்றும் அடங்கும் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில்தான் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியே நீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் மேட்டிலுள்ள தேயிலை தப்ப, தாழ்வான இடத்துத் தேயிலை கருகுவதைக் காணலாம். இந்த வருடம் ஜனவரிக்குப் பிறகு மழை குறையக்கூடும் என்பதால், நுவரெலியா, பட்டிப்பொலைப் பக்கத்து மரக்கறிச் செய்கையாளர்கள் அதைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

ஈரத்தோடு காற்றும் சேர்ந்தால் வெப்பமானியில் தெரிவதை விட உடலில் அதிகம் உறைக்கும் என்பதைக் குழந்தை விடயத்தில் நினைவில் கொள்ளுங்கள். போன டிசெம்பரில் மாண்டஸ் புயல் கடந்தபோது நமது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஓரிரு இரவுகளில் விறைத்து இறந்தன. உறைபனி எதுவும் விழவில்லை. நனைந்த உடலில் ஓயாமல் அடித்த காற்றே காரணம்.

குளக்கட்டு | 6 ஒக்டோபர் 2023, இரவு 8.00

அதில் என் பசுக்கள் இரண்டு போயின. இந்த முறை மேற்குப் பக்கமாகக் கொட்டிலை மாற்றி, வாடைப் பக்கத்தைக் கிடுகினால் அடைத்திருக்கிறேன். மூன்று ஏக்கரில் புழுதி விதைப்புச் செய்வதாகவும் முடிவெடுத்துவிட்டேன். உழுந்து விதைப்பதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

மழைமானி | 7 ஒக்டோபர் 2023, காலை 6.00

மேட்டு நிலமாக இருந்தால் மட்டும், அதுவும் கொஞ்சம் பிந்தி. இந்த மாரியில் டிசெம்பர் ஈரம் அதிகமாக நிற்கும் பக்கமே சாய்வு. உழுந்து வேரடியில் நீர் நின்றால் தாங்காது.

பாவற்கொடி | 11 நவம்பர் 2023, பிற்பகல் 3.30

பசறைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. மாஸ்ரர் சொன்னபடியே காலையில் வெயில். இரண்டு மணியானால் நமுனுகுல மறைந்துவிடுகிறது. இதை எழுதும்போதும் இடி கேட்கிறது. தம்பி கொழுந்துக்கூடை சொன்னபடி ஒரு மாத்தகரத்தை வாசலில் கட்டியிருக்கிறேன். முதல் நாள் சின்னம்மாவின் பேரன் அதற்குள் கல்லைப் போட்டுவிட்டான். இப்போது எட்டரை மணிக்கு அளப்பது அவனுடைய உத்தியோகம். ஒரு கொப்பியில் எழுதியும் வைக்கிறான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்சுக்கான 1990 ஆகிய இரண்டு இலக்கங்களையும் கதவில் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு வாரம் முன்னதாகவே நகரத்தில் வைத்தியசாலைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவதென்று தீர்மானித்திருக்கிறோம்.

கொழுந்துக்கூடை | 11 நவம்பர் 2023, இரவு 9.40

நல்ல முடிவு, அக்கா. மேல் லயத்து ஆட்களிடமும் சொல்லி வையுங்கள். சிவப்பு வந்தால் எங்கே போவது என்பதை இரவு பன்னிரண்டு மணிக்கு யோசிக்க முடியாது. கோயில் மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

குளக்கட்டு | 18 டிசெம்பர் 2023, காலை 7.10

மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மழை நம் தலையில் வந்து கொட்டிவிட்டது. ஞாயிறு முழுவதும் விடவில்லை. எங்கள் பக்கத்துச் சிறு குளங்கள் எல்லாம் வான் பாய்கின்றன. வீதிக்கு மேலால் நீர் ஓடுகிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி இரவோடிரவாக வெள்ளம் வந்ததை நினைத்து யாரும் உறங்கவில்லை. மாஸ்ரர், உங்கள் பக்கம் எப்படி?

மழைமானி | 18 டிசெம்பர் 2023, பிற்பகல் 1.45

என் மழைமானி நிரம்பி வழிந்துவிட்டதால் அளவு சொல்ல முடியவில்லை. குமரிக் கடற்பக்கம் நிற்கும் காற்றுச் சுழற்சிதான் காரணம். அதே சுழற்சியால் எதிர்க்கரையில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் நீருக்குள் இருக்கின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்றிமீற்றருக்கு மேல் பதிவாகியிருக்கிறது. நமக்கு வருடத்தில் கிடைப்பதில் பெரும்பங்கு அது. முல்லைத்தீவில் பல குடும்பங்கள் பாடசாலைகளில் இருக்கின்றன. மின்சாரம் எப்போது போகுமோ தெரியாது, பிறகு எழுதுகிறேன். பாவற்கொடி, அங்கே என்ன நிலை?

பாவற்கொடி | 20 டிசெம்பர் 2023, காலை 10.20

நாங்கள் ஒன்பதாம் திகதியே நகரத்துக்கு வந்துவிட்டோம். பதினான்காம் திகதி பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். லயத்தில் தகரத்தை அளக்கும் பொறுப்புப் பேரனிடமே இருந்தது. ஞாயிறு மாலையில் ஒன்பது சென்றிமீற்றர் என்று தொலைபேசியில் சொன்னான். இருட்டுவதற்கு முன் மேல் லயத்தார் மண்டபத்துக்கு இறங்கி, இரண்டு இரவுகள் அங்கேயே தங்கினார்கள். குசினிக்குப் பின்னால் சிறிதளவு மண் இறங்கியிருக்கிறது; ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

அப்பாதான் அங்கே வவுனியாவில் வீட்டு முற்றத்தில் முழங்காலளவு நீரில் நிற்கிறாராம். பதினெட்டு வளைவுப் பாதை திறந்திருக்கிறதா என்று ஏழாம்கட்டை அண்ணா அறிந்து சொன்னால், நான் எப்போது திரும்புவது என்று பார்க்கலாம்.

ஏழாம்கட்டை | 20 டிசெம்பர் 2023, இரவு 8.30

பகலில் மட்டும் போகலாம், தங்கச்சி. ஆனால் வன்னிப் பக்கத்துப் பாதைகள் சில இடங்களில் இன்னும் நீருக்குள் கிடக்கின்றன. அவசரமில்லை என்றால் மூன்று நாள் பொறுத்து வெளிக்கிடுங்கள்.